குவெருலஸ் என்றொரு பாராட்டு

வருடாந்திர மதிப்பீட்டுத் தாளில் ஸ்டோர்கீப்பரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. குவெருலஸ்.

பம்ப் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக நட்டு, போல்ட், வாஷர் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பவர் அவர். ஆங்கிலத்தில் அரைக்கிணறு தாண்டியவர். 'குவெரி' என்றால் கேள்வி. ஆக, எதையும் கேட்டுத் தெளிகிற ஆள்! புதுக் கிடங்குக்கு யார் தலைவர் என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். பிறகென்ன?

தாளை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி உடனே தன் தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், உன் மச்சான் குவெருலஸாம்டா! கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு!"

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தும் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் தாளை நீட்டினார். அவள் படித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?"

"அப்பா, இது எப்பப் பாத்தாலும் குறை சொல்றவங்களைச் சொல்ற வார்த்தைப்பா."

"குறை இருந்தா சொல்லத்தானே வேணும்?"

"சும்மா சொல்றது இல்லப்பா. மூக்கால அழுதுக்கிட்டே சொல்றது. தலகாணி சரியில்ல, போர்வை குத்துதுன்னு ஆஸ்பத்திரியில ஒருத்தர் சிணுங்குவாரே, அந்தக் குரலுக்கு இந்த வார்த்தையைப் போடுவாங்க."

"நானா? மூக்காலயா?" என்றார். குரல் மூக்கு வழியாகத்தான் வந்தது.

"அப்புறம் பேசறேன்டா" என்று மனைவி போனை வைத்தாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக மேனேஜர் அறை வாசலில் நின்றார்.

"மீட்டிங்ல இருக்கார் சார். எழுதிக் குடுங்க, உள்ள அனுப்பறேன்" என்றாள் டைப்பிஸ்ட்.

'நான் குறை சொல்பவன் அல்ல' என்று தொடங்கிய மனு மூன்று பக்கம் ஓடியது. கொடுத்த பிறகுதான், அதில் பதினான்கு குறைகளைச் சொல்லியிருப்பது நினைவுக்கு வந்து பகீரென்றது. அதற்கு விளக்கமாக இரண்டாவது மனு. முதல் மனுவை உள்ளே எடுத்துப் போய், திருப்பித் தர மறுத்த குமாஸ்தாவைப் பற்றி மூன்றாவது. உட்காரப் போட்ட நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, நான்காவது. குட்டைக் காலுக்கு அடியில் செருகக் கொடுத்த அட்டை மெலிசு, ஐந்தாவது.

டைப்பிஸ்ட் பதறிப்போய் டீ வரவழைத்தாள். ஆறியிருந்தது. இதைப் பற்றி மட்டும் எழுதக்கூடாது என்று பல்லைக் கடித்தார். எழுதினார். இத்தனை எழுதியும் பதில் இல்லையே என்று ஏழாவது.

மதியம் உள்ளே மணி அடித்தது. போய்விட்டு வந்த டைப்பிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க சார். தப்பு என்மேலதான். மேனேஜர் சொன்னது 'மெட்டிகுலஸ்'. எதையும் நுணுக்கமா, பாத்துப் பாத்துச் செய்றவர்னு அர்த்தம். நான்தான் மாத்தி அடிச்சுட்டேன்."

ஸ்டோர்கீப்பருக்கு உச்சி குளிர்ந்தது. "அதானே பாத்தேன்! போகட்டும் விடும்மா, யாருக்கும் வர்ற தப்புதான். திருத்தின தாளைக் குடு."

"உங்க முதல் மனுவைப் பாத்ததுமே தப்பு தெரிஞ்சுது. திருத்தி, காலையிலயே கையெழுத்துக்கு வச்சுட்டேன் சார். கையெழுத்தானதும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இப்பத்தான் உங்க ஏழு மனுவையும் படிச்சு முடிச்சார்…"

"முடிச்சு?"

"'நீ முதல்ல அடிச்சதே சரிம்மா'ன்னுட்டார்."