மாமாவின் முழங்காலும் துருவின் சூடும்

பழவேற்காடு,
ஜனவரி 1956

அன்பிற்குரிய மச்சான் அமீருதீன் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை நூர் அகமது ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் தங்கை ஜெய்னம்புவும் சுகம்தான். இந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். "அத்தாகிட்ட மன்னிப்பு கேளுங்க, அப்பால வர்றேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் தகப்பனாரான மாமாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேட்க மாட்டேன். நான் செய்தது குற்றமல்ல, விஞ்ஞானம். அதுவும் நீங்கள் கல்லூரியில் நடத்தும் விஞ்ஞானம். இரும்பு துருப்பிடிப்பதும் ஒருவகை எரிதல்தான், மெதுவாக எரிவதால் நெருப்புத் தெரிவதில்லை என்று போன பெருநாளில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சொன்னது யார்? அதை நம்பித்தான் கொல்லன் கலியன் பட்டறையில் இரும்பு அரப்பொடி வாங்கி, உப்பும் கரித்தூளும் கலந்து, தண்ணீர் தெளித்து, துணிப்பையில் போட்டுத் தைத்தேன். சுட்டது! நீங்கள் பரீட்சை வேலையால் வரமுடியாமற்போன உங்கள் சாச்சா மகன், அதாவது மாமாவின் தம்பி மகன் ஜலாலுதீனின் நிக்காஹ்வில், மாமா முழங்கால் வலியோடு ஜமக்காளத்தில் உட்கார வேண்டுமே என்று, சூடு ஆறாமலிருக்கப் பையை பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடி எடுத்துப் போனேன். பந்தலில் திறந்தால் ஜில்லென்று இருக்கிறது. "இன்னா மருமவனே, ஏரித் தவளைய புடிச்சிக்கினு வந்தியா?" என்று மாமா சிரித்தார். ஆனாலும் என் மனம் நோகக்கூடாதென்று முழங்காலில் கட்டிக்கொண்டார்.

காற்று இல்லாமல் இரும்பு எப்படி எரியும்? டின்னுக்குள் காற்று தீர்ந்ததும் அணைந்திருக்கிறது. வெளியே வந்ததும் மறுபடி மூண்டுவிட்டது. இது எனக்குத் தெரியுமுன் மாமாவின் முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் தொகையை ஹஜ்ரத் அறிவித்த அதே நொடியில் மாமா துள்ளி எழுந்து, "யா அல்லா! தாங்க முடியலியே!" என்று அலறினார். பெண்ணின் அத்தாவும் எழுந்துவிட்டார். "இன்னா பாய், இதுக்கே தாங்கலியா? எம் பொண்ணு அவ்ளோ மலிவா பூட்டாளா?" சமாதானத்துக்கு மஹரை இரட்டிப்பாக்க வேண்டியதாயிற்று.

இதில் என் தப்பு என்ன? சூடு வந்ததா, இல்லையா? ஒருவனாவது பாராட்டினானா? ஜெய்னம்பு இல்லாமல் வீடு வீடாக இல்லைதான், மறைக்கவில்லை. அதற்காக உண்மையைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். கஞ்சி காய்ச்சிக் குடித்தே காலத்தைத் தள்ளுவேன்.

வீட்டில் அனைவருக்கும் ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ.

வளைந்து கொடுக்காத,
நூர் அகமது

பி.கு.: உறையை ஒட்டுமுன் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "மன்னிப்பு கெடக்கட்டும். அன்னிலேர்ந்து அந்த முட்டி வலிக்கல. இன்னொரு முட்டிக்கு பை எங்க?" என்றார் மாமா. ஜெய்னம்பு வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவும் பெட்டியோடு வந்துவிட்டார்; இனி வைத்தியம் இங்கேயேதானாம். தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, இந்த விஞ்ஞானம் சுத்தப் பொய் என்று நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள்.