பக்கத்து வீட்டு அடமானம்

மூன்று ரூபாய் வட்டி வரவேண்டிய இடத்தில் பத்து ரூபாய் வந்ததும் ஐயம்பெருமாள் பிள்ளை அதை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு சிவசைலம். திருநெல்வேலி டவுனில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தங்கச்சி கல்யாணத்துக்காகத் தன் வீட்டை ஐயம்பெருமாள் பிள்ளையிடம் முந்நூறு ரூபாய்க்கு அடமானம் வைத்திருந்தார். மாத வட்டியை ஒரு வாரம் தள்ளி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொண்டுவருவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு முதல் தேதியே வந்துவிட்டார். முகமும் தொங்கவில்லை.

"என்னவே இது?"

"வட்டி மூணு, அண்ணாச்சி. மிச்சத்தை அசல்ல வரவு வச்சிருங்க."

"அசலா? அதுக்குக் கெடு இன்னும் ஒரு வருசம் கெடக்கே."

"கையில கெடைக்கும்போது கட்டலாம்னு பத்திரத்துல எழுதியிருக்குல்லா."

எழுதித்தான் இருந்தது. எல்லா அடமானப் பத்திரத்திலும் எழுதுகிற வாசகம் அது. எழுதுகிறவர் பழக்கத்தில் எழுதுவார், கையெழுத்துப் போடுகிறவர் படிக்கவே மாட்டார். அதைப் படித்து, அதன்படி நடக்கவும் ஒருவன் கிளம்புவான் என்று ஐயம்பெருமாள் பிள்ளை கனவிலும் நினைத்ததில்லை. பத்திரத்தின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அவருக்குக் கை கூசியது.

விஷயம் என்னவென்றால், அவர் அந்தக் கடனைக் கொடுத்தது வட்டிக்காக இல்லை, வீட்டுக்காக. அவர் தொழில் தொடங்கியது அக்காள் சொர்ணாம்பாள் நகையை விற்றுக் கொடுத்த ஐநூறு ரூபாயில். கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்த அந்த அம்மாள் வருஷாவருஷம் வந்து பணத்தைக் கேட்பாள். வந்தால் ஒரு மாதம் தங்குவாள். ரசத்தில் புளி ஏன் தூக்கலாக இருக்கிறது, எண்ணெய்த் தூக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் போவாள்.

"ரூவா எதுக்குக்கா? பக்கத்து வீடு கெடு முடிஞ்சதும் நம்ம கைக்கு வந்துரும். அதை ஒம் பேர்ல எழுதி வச்சிருதேன். எங்க பக்கத்துலேயே இரு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஐநூறு ரூபாய்க் கடனை முந்நூறு ரூபாயில் முடிக்கிற கணக்கு. சிவசைலம் அசலை அடைத்துவிட்டாலோ, அக்காளுக்கு ரொக்கமாக ஐநூறு எடுத்து வைக்கவேண்டும். அதை நினைத்தாலே அவருக்குக் காய்ச்சல் வரும்.

வந்த பத்து வெள்ளி நாணயத்தில் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். கல்லில் போட்டுச் சத்தம் கேட்டார். நம்பிக்கை வராமல் தட்டாசாரியிடம் தூக்கிக்கொண்டு போனார்.

"ரூவாயில எட்வர்டு ராசா தலை நல்லாத்தானே இருக்கு. இதுல என்ன சந்தேகம் அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, சோதித்ததற்கு அரையணா வாங்கிக்கொண்டார் ஆசாரி.

நல்ல பணம் என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் பெரிதாயிற்று. கள்ளப் பணமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்து ரூபாயை மனைவி பிரம்மநாயகியிடம் கொடுத்தார். அந்த வீட்டில் பணம் பெட்டிக்குள் போவது பெண் கையால்தான். அது அவர் அம்மா காலத்துப் பழக்கம். உள்ளே போனதைச் சித்திரை முதல் தேதி விசுவுக்குத்தான் எண்ணுவார்கள். இடையில் எண்ணினால் பணம் தேயுமாம்.

"குமாஸ்தாவுக்கு எங்கனயிருந்து இத்தனை பணம்? நீ போயி அவன் பொண்டாட்டி கோமுகிட்டப் பேச்சுக் குடுத்துப் பாரு" என்றார்.

"அடுத்த வீட்டு வெசயம் நமக்கு எதுக்கு? நான் அவ வீட்டுப் படி ஏறுனதே கெடையாதே."

"அக்கா வந்து இருக்கப்போற வீடுல்லா. சும்மா போகாண்டாம், அல்வா வாங்கிக்கிட்டுப் போ."

பிரம்மநாயகி வேண்டாவெறுப்பாகப் போனாள். மத்தியானம் போனவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினாள்.

"என்ன சொல்லுதா?"

"என்னத்தைச் சொல்லுவா? சிக்கனமா இருக்காகளாம். பாவம், கோமு கையில கண்ணாடி வளையல்தான் கெடக்கு. ஒரு தடவை போனா எல்லாத்தையும் சொல்லிருவாளா? பையத்தான் கேக்கணும்."

அதற்கப்புறம் வாரம் ஒரு தடவை அல்வாவும் பழமுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தாள். துப்பு ஒன்றும் வரவில்லை. மாதம் பிறந்ததும் சிவசைலம் இருபது ரூபாயோடு வந்தார்.

"வட்டி போக மிச்சத்தை அசல்ல வரவு வச்சிருங்க, அண்ணாச்சி."

இருபதைக் கண்டதும் ஐயம்பெருமாள் பிள்ளைக்கு ஒரு வெளிச்சம் பிறந்தது. புதையல். அந்தப் பழைய வீட்டில் எவனோ பாட்டன் பூட்டன் புதைத்து வைத்ததை இவன் தோண்டிவிட்டான். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறான். அப்படியென்றால் புதையல் சுவருக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் கிடக்கலாம் அல்லவா?

முருங்கை நடுகிறேன் என்று சொல்லிவிட்டு, புறவாசலில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மண் சுவரை ஒட்டிக் குழி தோண்டினார். ஐப்பசி மழையில் சுவர் ஏற்கெனவே ஊறியிருந்தது. முழங்கால் ஆழம் போனதும் நடுச்சுவர் மெதுவாகச் சாய்ந்து, சிவசைலம் வீட்டுப் பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. கோமுவின் ஊறுகாய்ச் சாடிகளும் ஒரு தோசைக்கல்லும் அதற்கடியில் போயின. புதையல் மட்டும் வரவில்லை.

சிவசைலம் வந்து பார்த்தார். கோபிக்கவே இல்லை. அதுதான் பிள்ளைக்குத் தாங்கவில்லை.

"முருங்கைக்கு இம்புட்டு ஆழம் வேண்டியதில்ல, அண்ணாச்சி."

"சரி, சேதத்துக்கு என்னவே வேணும்?"

"கையில ஒண்ணும் தரவேண்டாம். எட்டு ரூவா ஆகும். அசல்ல வரவு வச்சிருங்க."

சுவரைக் கட்டக் கொத்தன் கேட்ட கூலி பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. கூலி இறங்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆள் நுழைகிற அகலத்துக்கு இடைவெளி அப்படியே கிடந்தது. பிரம்மநாயகிக்கு இப்போது தெருச் சுற்றிப் போகிற வேலை மிச்சம்.

கார்த்திகையில் முப்பது வந்தது. பிள்ளை பணத்தைத் தொடவில்லை.

"வட்டியை மட்டும் வச்சிட்டுப் போரும். அசலை நான் வாங்கப்போறதில்ல."

"அப்போ எங்க வக்கீலு நோட்டீசு விடுவாரு, அண்ணாச்சி. செலவு உங்க தலையில விழும்."

வக்கீல் என்ற பேச்சே பிள்ளைக்கு ஆகாது. முப்பதையும் வாங்கிக்கொண்டார். அன்று முழுக்க முன்கூடத்துப் பட்டாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து யோசித்தார். வட்டி சுடுவதால்தானே இவன் ஓடி ஓடி அடைக்கிறான்? வட்டியைக் குறைத்துவிட்டால்? கடன் சுகமாக இருந்தால் எவன் அடைப்பான்? இந்த யோசனை தனக்கே தோன்றியதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுமாதம் சிவசைலத்தை அன்போடு உட்காரவைத்தார்.

"பக்கத்து வீட்டுக்காரன் நீரு. உம்மகிட்டப் போயி முழு வட்டி வாங்குதது எனக்கே சங்கடமா இருக்கு. இனிமே பாதி வட்டி போதும். அசலுக்கு அவசரமே படாதேயும்."

சிவசைலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை என்னமோன்னு நெனைச்சிருந்தேன், அண்ணாச்சி. இந்த உபகாரத்தை மறக்கமாட்டேன்" என்றார். பிறகு மடியை அவிழ்த்தார். "வட்டியில மிச்சமான பாதியையும் சேத்து அசல்லேயே வரவு வச்சிருங்க."

இப்படியாகத் தை போய் மாசியும் போனது. அசல் நோயாளி உடம்பு மாதிரி இளைத்துக்கொண்டே வந்தது. பிள்ளையும் இளைத்தார். தெருவில் போகிறவர்களையெல்லாம் நின்று பார்த்தார். யாரோ இவனுக்குப் பின்னால் இருக்கிறார்கள். அந்த வக்கீலா? ஜவுளிக்கடைக்காரரா? தட்டாசாரி அன்றைக்கு ஏன் அப்படிச் சிரித்தான்? பால்காரன் சிவசைலம் வீட்டில் மட்டும் இரண்டு நிமிஷம் கூட நிற்கிறானே? சந்தேகத்தையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் சொல்லிப் புலம்புவார். அவளும் ஒவ்வொரு பெயருக்கும், "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிக் கூட ஒரு கரண்டி ரசம் ஊற்றுவாள்.

பங்குனியில் சிவசைலம் மிச்சம் இருந்ததை மொத்தமாகக் கொண்டுவந்து வைத்தார். ஐயம்பெருமாள் பிள்ளை அதை எண்ணக்கூட இல்லை.

"சிவசைலம், கெஞ்சிக் கேக்கேன். பத்திரத்தைத் திருப்பித் தந்துருதேன். இந்தப் பணம் எங்கனயிருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லும்."

சிவசைலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒரு புண்ணியவதி கொடுத்தாக. உங்களைவிட வட்டி கொறச்சல். பேரைச் சொல்லமாட்டேன்னு நெல்லையப்பர் சந்நிதியில சத்தியம் பண்ணியிருக்கேன், அண்ணாச்சி. கேக்காதிய."

புண்ணியவதியாமே. ஊரில் பணப்புழக்கம் உள்ள பெண்களை எல்லாம் பிள்ளை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். ஒருத்தி மேலும் பழி நிற்கவில்லை. பத்திரத்தைக் கொடுத்துவிட்டு மனம் விட்டு அழுதார்.

சேதி எப்படியோ கல்லிடைக்குறிச்சிக்கு எட்டி, அடுத்த ரயிலில் சொர்ணாம்பாள் வந்து இறங்கினாள்.

"வீடு போச்சாமே, தம்பி. அப்போ என் ஐநூறை எடுத்து வை."

"அக்கா, விசு வரைக்கும் பொறு. இடையில பெட்டியை எண்ணப்பிடாது."

"நீ எண்ணாண்டாம்லே. நான் எண்ணுதேன்."

அவளே எண்ணினாள். பெட்டியில் ஐநூறும் அதற்கு மேல் கொஞ்சம் சில்லறையும்தான் இருந்தது. வந்த அசலையும் சேர்த்தால் எண்ணூறுக்குக் குறையாது என்று நினைத்திருந்தார் பிள்ளை. அகாலத்தில் எண்ணியதால் தேய்ந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேம்லா?" என்று அக்காளைப் பார்த்து முனகினார்.

"இனிமே இங்கன எனக்கு என்ன வேலை?" என்று சொல்லி, சொர்ணாம்பாள் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு அன்று மத்தியான ரயிலுக்கே வண்டி ஏறிவிட்டாள். பிரம்மநாயகி தெருமுனை வரை போய் வழியனுப்பினாள். போகிற வழிக்குப் புளியோதரைகூடக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

ஐயம்பெருமாள் பிள்ளைக்கு வீடு போயிற்று, பணம் போயிற்று, அக்காளும் போயாயிற்று. சந்தேகம் ஒன்றுதான் மிச்சம். புறவாசலுக்குப் போய், விழுந்த சுவரின் மிச்ச மறைவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொத்தன் கூலியை இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்று சரிந்து கிடந்த மண்கட்டிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றடியில் பிரம்மநாயகி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சுவர் இடைவெளியில் கோமுவின் தலை தெரிந்தது. கையில் பாயசக் கிண்ணம். பிள்ளை உட்கார்ந்திருந்தது அவள் கண்ணில் படவில்லை. பிரம்மநாயகி கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், பாத்திரத்தைக் கீழேகூடப் போட்டாள். கோமுவுக்கு இருந்த சந்தோஷத்தில் எதுவும் புரியவில்லை.

"அக்கா, உங்க நாத்தனா இனிமே பக்கத்துல குடிவர மாட்டாகள்லா, இப்பத் திருப்திதானே? நீங்க குடுத்த கடனை இந்த மாசத்துலயிருந்து உங்க கையிலேயே நேரா குடுத்துருதோம். ஒங்க பெட்டிப் பணம் அண்ணாச்சி வழியாச் சுத்திச் சுத்தி வரவேண்டாம்."