மாப்பிள்ளை சொன்ன சர்க்கரை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்திக்கு மூட்டு வீக்கம். இன்னொருவனுக்கு அதைப் பார்த்துப் பயப்படும் வேலை. நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யாராவது இருக்க வேண்டும்.

போன வாரம் மூட்டு ஏன் வீங்குகிறது என்று உங்கள் அத்தைக்குப் போனில் விளக்கினீர்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தில் அதைத்தான் பார்க்கிறீர்கள் என்பது தெரியும். கிருமியோடு சண்டை போட வேண்டிய ஆன்டிபாடி இவள் மூட்டோடு சண்டை போடுகிறது, அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியில் நுனிச் சர்க்கரை குறைந்திருக்கும், குறைந்தால் வீக்கத்தைக் கிளப்பும் என்றீர்கள். அவள் காதில் விழுந்தது ஒரே சொல்.

"கேட்டீங்களா? எனக்குச் சர்க்கரை பத்தலையாம். மாப்பிள்ளையே சொல்லிட்டார்."

அன்றிலிருந்து ஸ்பூனும் கையுமாக இருக்கிறாள். ஊருக்கெல்லாம் சர்க்கரை வியாதி. இவளுக்கு மட்டும் மருந்து. "அது திங்கிற சர்க்கரை இல்லடி, உடம்பே கோக்கிறது" என்றேன். "நீங்க என்ன விஞ்ஞானியா?" என்றாள். நான் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்.

நேற்று அலமாரியைத் திறந்தால் டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. பொய்ப்பல் கட்டும் பட்டறையில் மெழுகில் பல் செதுக்குகிற விரல்கள் அவளுடையவை, மாப்பிள்ளை. காலையில் விறைத்துப்போய்ச் சீப்பைக்கூடப் பிடிப்பதில்லை. நான்தான் தலை வாரிவிடுகிறேன், கோணலாக. மாத்திரை இல்லாமல் அந்த விரல்களும் கோணிக்கொண்டால்? கேட்கலாம்தான். கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் வீக்கம் கூடுமோ என்று கேட்கவில்லை. நீங்கள் உடனே போன் போட்டு, சர்க்கரை என்ற சொல்லே வாயில் வராமல், மாத்திரையைப் போடச் சொல்லுங்கள்.

மகளுக்கு என் ஆசிகள். உங்கள் இருவர் மூட்டுகளும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தை படித்துவிட்டாள். "மாத்திரையை நான் எப்ப விட்டேன்? பழைய அட்டை பட்டறை டிராயர்ல இருக்கு, அங்கேயே போட்டுக்கறேன். இது அடுத்த மாசத்துக்கு. சர்க்கரை சும்மா ஆசைக்கு. மாப்பிள்ளை பேரைச் சொன்னா நீங்க தடுக்க மாட்டீங்கல்ல!" ஆகவே மேலே நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. கிழிக்கப் போனேன். "அனுப்புங்க, அவரும் சிரிக்கட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கும் அளவுக்கு விரல் மடங்குகிறது, மாப்பிள்ளை. ஆனால் இது சாயங்காலம். காலையிலும் மடங்குமா?