அத்திம்பேர் அராவிய எலும்பு

மயிலாப்பூர்,
10.11.97, திங்கள்.

மதிப்பிற்குரிய சுப்பராமன் அத்திம்பேருக்கு, பரத்வாஜ் நமஸ்காரம்.

இங்கு யாவரும் க்ஷேமம் என்று தொடங்குவது முறை. ஹம்சினியின் இடதுகை விரல் நுனிகள் நான்கு நீங்கலாக யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமம் பற்றியும், என் அக்கா மஹதியின் க்ஷேமம் பற்றியும், திருவான்மியூர் வீட்டுக்குப் புதிதாகப் போட்ட மொசைக் தரையின் க்ஷேமம் பற்றியும் பதில் எழுத வேண்டாம். வேறொன்று எழுதித் தர வேண்டும். கடைசியில் சொல்கிறேன்.

ஃபோனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். ஃபோன் கூடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அப்பா இருக்கிறார்.

விஷயம் கிதார்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹம்சினிக்குப் பரீட்சை. லண்டனிலிருந்து ஒரு மனிதர் வந்து எதிரே உட்கார்ந்து கேட்கப்போகிறார். இதற்காக இரண்டு வருஷமாக வாசிக்கிறாள் என் தங்கை. நேற்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அவளுக்குக் கை வரலை. பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அதைக் குடுத்துட்டு ஒரு நல்ல தம்புராவா வாங்கிண்டு வந்துடலாம்."

தீர்ப்புக்கு ஆதாரம் நீங்கள்.

நடந்ததெல்லாம் தெரியுமே என்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த கதையில் நீங்கள் கதாநாயகன். ஆகவே முதலிலிருந்து.

சரஸ்வதி பூஜை. அன்று காலை ஹம்சினி கிதாரின் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டாள். மறுநாள் விஜயதசமிக்குப் புதுக் கம்பி போட்டு வாசிக்க வேண்டும் என்பது அவள் வாத்தியார் மெஹபூப் பாஷாவின் உத்தரவு. அம்மாவின் வீணைக்குப் பக்கத்தில், பலகைமேல், மொட்டையாகக் கிதார். பூஜை விஷயத்தில் என் நிலை உங்களுக்குத் தெரியும். எம்.ஃபில். வரை தத்துவம் படித்தவன் தையல் மிஷினுக்குச் சாம்பிராணி காட்ட முடியாது. அம்மா சுண்டல் வேலையில் இருந்ததால் சந்தனக் கிண்ணத்தை வாங்கி எல்லாவற்றுக்கும் பொட்டு மட்டும் வைத்தேன். புத்தகங்கள், தையல் மிஷின், அப்பாவின் டைப்ரைட்டர், வீணை, கிதார். வரிசையாக, அழகாக வைத்திருக்கிறேன் என்று அம்மாவே சொன்னாள். என் பங்கு அவ்வளவுதான். பார்வையாளன்.

மறுநாள் புதுக் கம்பி ஏறியது. ஏறியது என்றால் உண்மையாகவே ஏறியது. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளை எலும்புத் துண்டு இருக்கிறதே, நட் என்பார்கள். அதில் ஆறு வெட்டுகள். கம்பிகள் அந்த வெட்டுகளில் உட்கார்ந்துதான் தலைக்குப் போக வேண்டும். வெட்டின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தாழ்வாகக் கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுகளில் முதலாவதைக் கடக்கும். இப்போது கடக்கவில்லை. பறந்தது. ஹம்சினி அமுக்கினால் விரல் வலித்தது, சுருதியும் தூக்கிப்போனது.

காரணம்? மழைக்காலத்து ஈரம் என்றேன். மரம் ஈரம் குடிக்கும், குடித்தால் உப்பும். தர்க்கப்படி வேறு விளக்கம் இல்லை.

பாஷா தன் ஆர்க்கெஸ்ட்ராவோடு சிங்கப்பூர் கிளம்பிக்கொண்டிருந்தார். ஃபோனில் ஒரே ஒரு வழி சொன்னார். "மூணாவது மெட்டுல அமுக்கிகினு பாரும்மா. முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு பேப்பர் நுழையணும். அவ்ளோதான் கணக்கு. ஜாஸ்தியா இருந்தா சும்மா ரெண்டு இழுப்பு ராவு, பாரு. ரெண்டு இழுப்பு, பாரு. அவசரப்பட்டா போச்சு."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட வந்தபோது இதை ஹம்சினி உங்களிடம் அப்படியே ஒப்பித்தாள். நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பேப்பர்னா எந்தப் பேப்பர்? நியூஸ் பேப்பரா, கல்யாணப் பத்திரிகையா?"

அவளுக்குத் தெரியவில்லை. உடனே பாஷாவின் முறை விஞ்ஞானம் அல்ல என்று முடிவானது.

அத்திம்பேர், தண்ணீர்த் தொட்டி கட்டுவது உங்கள் உத்தியோகம். அதில் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் கட்டிய தொட்டிகளில் தண்ணீர் நிற்கிறதாம். ஓய்வுநேரத்தில் கைக்கடிகாரங்களைப் பிரித்துப் போடுகிறீர்கள், அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவை உங்கள் கடிகாரங்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மோர்க்குழம்பு சாப்பிட்ட கையோடு வெல்வெட் பையிலிருந்து கடிகார அரங்களை எடுத்துப் பரப்பி, "கம்பின்னா மட்டமா இருக்கணும்மா, மட்டம்தான் எல்லாத்துக்கும் ஆதாரம்" என்று அம்மாவிடம் சொல்லி, என்னைக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரசமட்டத்தை எலும்பின்மேல் வைத்து, தடித்த கம்பிக்கும் மெலிந்த கம்பிக்கும் ஒரே ஆழம் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை நவம்பர் மாதக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி (இதனால் இந்த மாதம் எங்களுக்கு ஏகாதசி எப்போது என்றே தெரியவில்லை), ரெண்டு இழுப்பு பாரு என்பதை இருநூறு இழுப்பு அப்புறம் பார்ப்போம் என்று மாற்றி, அம்மா வந்து "என்ன மாப்பிள்ளை இது, வெள்ளையா பொடி?" என்று கேட்டபோது ஒரு மனிதன் சொல்லியிருக்கக்கூடிய எத்தனையோ பதில்களை விட்டுவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாட்டெலும்பும்மா" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என் அம்மா மூன்று நாள் கூடத்தில் சாப்பிடவில்லை.

அந்தப் பொருள் சரஸ்வதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, சுண்டல் நைவேத்தியத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது, என்று அம்மா ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பொடியை மஞ்சள் தண்ணீர் விட்டு அலம்பித் தள்ளினாள். கிதார் பால்கனிக்குப் போனது. வெளியே ஐப்பசி மழை. நீங்கள் காபி குடித்தீர்கள்.

பிறகுதான் அற்புதம். சாரல் அடங்கியதும் பால்கனியில் நின்றபடி கம்பியை மீட்டினீர்கள். ஆழம் போதும் போதும் என்று கெஞ்சும் அளவுக்குப் போயிருந்ததால், சும்மா விட்ட கம்பிகள் ஆறும் முதல் மெட்டில் இடித்து ஙொய் என்றன. ஊரில் வேறு எந்த வீட்டிலும் இதைப் பழுது என்பார்கள். நீங்கள் கண்ணை மூடினீர்கள்.

"மாமா! இங்கே வாங்கோ. என்ன கார்வை பாருங்கோ. தம்புரா மாதிரி!"

அப்பா வந்தார். அப்பாவும் கண்ணை மூடினார். நீங்கள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் வாங்கி, தம்புராவுக்குக் குதிரைமேல் வைக்கிற ஜீவா நூல்போல, ஒவ்வொரு கம்பிக்கு அடியிலும் ஒரு துண்டு வைத்து நகர்த்தினீர்கள். ஙொய் இன்னும் நீண்டது. "ஜீவன் வந்துடுத்து" என்றார் அப்பா. தீட்டுப்பட்ட எலும்புக்கு ஜீவன்.

மறுநாள் காலையிலிருந்து அப்பா பால்கனியில் உட்கார்ந்து கிதாரைச் சுருதி சேர்த்து வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். இருபது வருஷமாக நின்றுபோயிருந்த சாதகம். கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் மகிழ்ந்தார்கள். ஏழு மணிக்கு அப்பா எழுந்ததும் ஹம்சினி உட்கார்ந்து, அவர் திருகி வைத்ததையெல்லாம் திரும்ப முறுக்கி, பாடத்தை வாசிப்பாள். விரல் வைத்த கம்பி நன்றாகப் பேசும். விடுபட்ட கம்பி ஙொய் என்னும். பாதி கிதார், பாதி தம்புரா. அப்பா செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுச் சொல்வார்:

"சும்மா விட்டா எவ்வளவு நன்னா கேக்கறது. நீ கை வெச்சாத்தான் கெட்டுப் போறது."

"அப்பா, அது தப்பான சத்தம்ப்பா."

"மாப்பிள்ளை பார்த்து மட்டம் பண்ணினது. அதுல தப்பு இருக்காது."

இந்த வீட்டில் உங்கள் தகுதி இதுதான். எட்டு வருஷமாக நீங்கள் தொட்ட மிக்ஸி, நீங்கள் சொன்ன வைத்தியர், நீங்கள் வேண்டாமென்ற வரன், எதற்கும் அப்பீல் கிடையாது. நான் சொன்னால் "இவனுக்கு என்ன தெரியும், புஸ்தகம்." ஹம்சினி சொன்னால் "சின்னப் பொண்ணு." மாப்பிள்ளை சொன்னால் ரசமட்டம்.

ஆகவே போன வாரம் நான் தலையிட்டேன். ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருக்கிறேன்: எலும்புப் பொடியையும் சட்டென்று ஒட்டும் பசையையும் சேர்த்து வெட்டை நிரப்பினால் கம்பி மறுபடி உயரும். எலும்புப் பொடி சாக்கடை வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போயிருந்தது. வீட்டில் இருந்த வேறு வெள்ளைப் பொடி பூஜை அறையில் ஒரு சம்புடத்தில் இருந்தது. நம்பிக்கை இல்லாதவனுக்கு அது சாம்பல்தான். கம்பிகளைத் தளர்த்தி, ஆறு வெட்டுகளிலும் விபூதியை வைத்துப் பசையைச் சொட்டினேன். புகைந்தது. பாறையானது. அம்மா எட்டிப் பார்த்து, "விபூதி இட்டாச்சா? அப்போ உள்ளே கொண்டு வா" என்றாள். கிதார் கூடத்துக்குத் திரும்பியது. நன்மை அவ்வளவே.

மற்றபடி நடந்தது: பசை என் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் ஒரு மணி நேரம் ஒன்றாக வைத்திருந்தது. கம்பிகள் இப்போது முன்னைவிட உயரம். என்னிடம் மெல்லிய அரம் இல்லை. நகம் தேய்க்கும் தகடு விபூதிப் பாறையின்மேல் வழுக்குகிறது. அப்பாவின் தம்புரா போய்விட்டது. "மாப்பிள்ளை பண்ணினதை இவன் கெடுத்துட்டான்" என்று கீழ்வீட்டுக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டார். ஹம்சினி பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குகிறாள். நான்கு விரலிலும் கொப்புளம். நேற்று ஒரு இடத்தில் கை நழுவியது. அப்பா உடனே தீர்ப்பைச் சொன்னார். அவள் அழவில்லை. கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தத்தைத்தான் நான் பொறுக்கவில்லை.

எனவே இதை எழுதுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். கீழ்க்கண்டதைப் பார்த்து உங்கள் கையால் எழுதி, கையெழுத்திட்டு, அப்பா பெயருக்கு உடனே அனுப்பவும்:

"மாமாவுக்கு நமஸ்காரம். கிதாரில் வந்த கோளாறு முழுவதும் என்னால் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் சங்கீதத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாது. ஹம்சினி கையில் குறை இல்லை. அவளைச் சனிக்கிழமை பரீட்சைக்கு அனுப்பவும்."

நமஸ்காரம் நீங்கலாக நான்கு வரி. மட்டமாக எழுதவும்.

அந்த வெல்வெட் பை இனி மயிலாப்பூர் எல்லைக்குள் வரக்கூடாது என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். மஹதிக்கு என் அன்பு. அவள் கல்யாணத்தின்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. தங்கள் ஆசீர்வாதம் எனக்கு வேண்டியதில்லை என்றாலும், வயதில் சிறியவன் கேட்டு முடிப்பது வழக்கம் என்பதால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பரத்வாஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஹம்சினி வந்தாள். பாஷா இன்று காலை சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்டாராம். அப்பா வங்கிக்குப் போன சமயம் பார்த்து, கிதாரைத் திருவல்லிக்கேணிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் ஊசியால் ஒரு வெட்டின் ஓரத்தைச் சுரண்டினாராம். மோந்து பார்த்தாராம்.

"ஓரத்துல சந்தனம், மேல விபூதி. இன்னாம்மா இது, கிதாரா, கோயிலா?"

கம்பி இல்லாதபோது வெட்டு ஆறிலும் சந்தனத்தை அப்பி, அது காய்ந்த பிறகு அதன்மேல் கம்பி போட்டால் கம்பி எங்கே போய் உட்காரும் என்று கேட்டாராம். ஈரத்துணியால் துடைத்திருந்தால் போதுமாம். அராவ வேண்டிய அவசியமே இருந்ததில்லையாம்.

ஹம்சினி என்னைப் பார்த்தாள். "பொட்டு வெச்சது யாருண்ணா?"

ஆறு வெட்டு. வெட்டுக்கு ஒரு பொட்டு. வரிசையாக, அழகாக.

பாஷா மேலும் சொன்னது: "ராவினவரு கை நல்ல கைம்மா. வெட்டு நூல் புடிச்சாப்ல கீது. ஆழம்தான் யாரும் பக்கத்துல இருந்து சொல்லல. அவரையே இட்டுகினு வா. அந்த விபூதியைப் பக்குவமா ராவட்டும், நான் நின்னு பாத்துக்கறேன்." புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு பாஷா எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

ஆகவே அத்திம்பேர், மேலே உங்களைப் பற்றி எழுதியிருப்பதில் பெரும்பகுதியை என்னைப் பற்றியதாக வைத்துப் படிக்கவும். திருப்பி எழுத நேரமில்லை, நான்கரை மணிக்குத் தபால் எடுத்துவிடுவான். ஆனால் அப்பாவுக்கு எழுதும் நான்கு வரியில் எதையும் மாற்ற வேண்டாம். சந்தனம் வைத்ததும் நீங்கள்தான் என்று ஐந்தாவது வரி ஒன்று சேர்த்துக்கொள்ளவும். நீங்கள் அன்று திருவான்மியூரில் இருந்தீர்கள் என்பது சின்ன இடைஞ்சல். மாப்பிள்ளை சொன்னால் அப்பா அதையும் நம்புவார். நான் செய்த தப்பு என்று தெரிந்தால் தலையில் அடித்துக்கொண்டு தம்புரா வாங்கக் கிளம்பிவிடுவார். நீங்கள் செய்தது என்றால் அது கிதாரின் போதாத காலம், அவ்வளவுதான். ஹம்சினி பரீட்சைக்குப் போவாள்.

அவசியம் வரவும். வெல்வெட் பையை மறக்க வேண்டாம்.