பெருவிரல் அண்ணையின் கோதுமை மா

இத்தாலியில், பலெர்மோத் தமிழர்களில் பாதிப்பேருடைய போனில் கோதுமை மா பூசிய மனிதர் பெருவிரல் அண்ணை ஒருவர்தான். என் வயிற்றை இந்த அளவுக்கு எரிய வைத்தவரும் அவர் ஒருவர்தான்.

அண்ணைக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியிலிருந்து பஸ்ஸில் போய்வருவார். ஒரு கை மேலே கம்பியில், மற்றக் கையில் போன், போனில் மின்நூல். அவரும் நானும் வாசிப்பது ஒரே செயலியில்தான். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து காசு வாங்காமல் உருவாக்கி, சும்மா கொடுக்கிற செயலி அது. திருத்தம் யாரும் சொல்லலாம். பிடித்திருந்தால் ஏற்றுக்கொண்டு, சொன்னவரின் பெயரையும் செயலிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள்.

அந்தப் பட்டியலில் என் பெயர் வரவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நான் கணினி படித்தவன், சீசாவில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். செயலியின் திரையை அடியோடு மாற்றச் சொல்லி, வர்ணப் படங்களோடு நாற்பது பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மூன்று மாதமாக ஒரு மூச்சுப்பேச்சும் இல்லை.

அப்போதுதான் அண்ணை கடைக்கு வந்தார்.

"தம்பி, உந்தச் செயலியிலை எழுத்தைப் பெருப்பிக்கிற பட்டன் மேல் மூலையிலை கிடக்கு. பஸ்ஸிலை நிக்கேக்கை என்ரை பெருவிரல் அங்கை எட்டுதில்லை. ரண்டு தரம் போனை விழுத்திப்போட்டன். மாத்தச் சொல்லி எழுதுவமே?"

"அதெல்லாம் ஆராய்ச்சி செய்து எழுதோணும் அண்ணை" என்றேன் பெரிய மனிதத் தோரணையில். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அடுத்த கிழமையே பொலித்தீன் பையில் கோதுமை மாவோடு ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. பெருவிரலை மாவில் தோய்க்க வேண்டும். ஒற்றைக் கையால் போனைப் பிடித்து, எட்டுகிற அளவுக்குத் திரையில் தேய்க்க வேண்டும். மா ஒட்டிய இடம் விரல் எட்டும் இடம். அண்ணை அதைப் படமெடுத்துவிட்டு, தன் சேட்டாலேயே திரையைத் துடைத்துக் கொடுப்பார்.

கோயிலில் அன்னதான வரிசையில் நின்ற கிளிநொச்சிக்காரர் ஒருவர் முறைத்தார். "கொஸ்தூராப் பொலிசிலை பத்து விரலும் பதிஞ்சுதான் பெர்மெஸோ விசா தந்தவங்கள். இனி உமக்கும் விரல் தரோணுமோ?"

"அங்கை மெஷின், இஞ்சை மா. எனக்கு ஒரு விரல் காணும்" என்றார் அண்ணை. அந்த மனிதர் சிரித்துவிட்டு விரலைக் கொடுத்தார்.

மொண்டெல்லோ பஸ்ஸில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா, தன் கறுப்புப் பாவாடையில் மா கொட்டிவிட்டதென்று பஸ் முழுக்கக் கேட்கத் திட்டினாள். மூன்று தரிப்பு தாண்டுவதற்குள் தானும் விரலைக் கொடுத்து, பக்கத்தில் இருந்த சிநேகிதியின் கையையும் பிடித்து நீட்டினாள். எனக்கு யாராவது இப்படிக் கை நீட்டியிருக்கிறார்களா?

"உம்மடை விரலையும் தாருமன் தம்பி."

"எனக்கு வேலை கிடக்கு அண்ணை" என்றேன். வேலை ஒரு மண்ணும் இல்லை. நாற்பது பக்கம் எழுதிய விரலை மாவில் தோய்ப்பதா?

அறுபது படம் சேர்ந்ததும் என்னிடமே கொண்டுவந்தார், ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லி. அவர் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாற்றை விரலும் கீழ்ப்பாதியிலைதான் நிக்குது. பட்டனுகளைக் கீழை இறக்குங்கோ. படங்களைப் பாருங்கோ."

நான் அனுப்பவில்லை. ஒன்பது நாள் அமுக்கி வைத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் "இன்ரநெற் சரியில்லை" என்றேன், போன் கடைக்குள் இருந்துகொண்டு. பத்தாம் நாள், "பாவம், நீர் எனக்காக எவ்வளவு கரைச்சல் படுறீர்" என்று சுடச்சுட ஓர் அரன்சினா, பொரித்த சோற்றுருண்டை, வாங்கிவந்து தந்தார். தின்று முடித்ததும் அனுப்பினேன்.

மறுநாளே பதில். இப்படி ஒரு சோதனையை நாங்கள் கண்டதேயில்லை என்று புகழ்ந்திருந்தார்கள். அதை என் வாயாலேயே அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகு போனில் இருந்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அவரே அவர்களோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். என்னிடம் வரவேயில்லை. அதுவும் எரிந்தது.

புதிய பதிப்பு வந்தது. பட்டன்கள் எல்லாம் கீழே. பட்டியலில் தமிழ் எழுத்தில் 'பெருவிரல், பலெர்மோ'. என் பெயரை இரண்டு தரம் தேடினேன். இல்லை. ஆனால் அமைப்புகளில் இடக்கைக்காரருக்கென்று புதிதாக ஒரு தெரிவு இருந்தது. அதைத் தொட்டதும் பட்டன்கள் எல்லாம் இடப்பக்கம் வந்து நின்றன. அறுபது படத்தையும் அனுப்பியவன் நான். அவற்றில் ஒரு இடக்கைகூட இருக்கவில்லை.

கடைப்பக்கம் வந்த அண்ணையிடம் கேட்டேன், இது யாருக்கு என்று.

"நீர் இடக்கை எல்லோ. விரலும் தரேல்லை. அதுதான் பஸ்ஸிலை உமக்குப் பின்னாலை நிண்டு, உம்மடை விரல் எங்கை எட்டுது எண்டு பார்த்தனான். ஒரு ஆளுக்காக ஏலாது எண்டாங்கள். நாலு தரம் எழுதினன்."

எனக்கு இன்றும் அவர்மேல் பொறாமைதான், அதை மறைக்கவில்லை. அவருடைய பையின் அடியில் இன்னும் கொஞ்சம் மா இருந்தது. அவர் கேளாமலே இடக்கைப் பெருவிரலை அதில் தோய்த்து, அவர் முன்னால் நீட்டினேன்.