தாத்தா கட்சி மாறிய மதியம்

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு, தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் ரத்தக்கொதிப்பு இதைப் படித்து முடிக்கும் வரையாவது அடங்கியிருக்க வேண்டுகிறேன்.

தாத்தாவின் நூற்றாண்டு மலருக்கு நீங்கள் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் திருத்தி, என் பெயரையும் போட்டுத் தரச் சொன்னீர்கள். மலர் வந்தால்தான் கட்சி உங்களுக்கு சீட்டு தரும் என்பதும் தெரியும். 'மாநிலத்தின் முதல் சட்டசபையில், கொள்கைக்காக ஆளுங்கட்சியையே உதறிய குன்று' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கொள்கை என்று மட்டும் எங்கேயும் இல்லை. அதைக் கேட்டுவிடலாம் என்று, அந்த சபையில் தாத்தாவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த, இப்போது தொண்ணூறைத் தாண்டிய துண்டு மாமாவைப் பார்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது.

"கொள்கையா? ஃபேனும்மா!" என்றார். ஆளுங்கட்சிப் பக்கத்து ஃபேன் ஓடாதாம், தாத்தாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குருவாம், மதியம் சாப்பிட்டு வந்தவர் நேரே எதிர்க்கட்சிப் பக்கம் போய் அவர்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தூங்கிவிட்டாராம், அந்த நேரம் பார்த்து நம்பிக்கை வாக்கெடுப்பு வந்து, "இந்தப் பக்கம் எழுந்திரிங்க" என்றதும் பக்கத்தில் இருந்தவன் தட்ட, எழுந்து நின்றாராம், ஒரே ஒரு தலை வித்தியாசத்தில் ஆட்சி போயிற்றாம்!

"தாத்தா ஒண்ணும் சொல்லலையா?"

"கண்ணைத் தொறந்தா கழுத்துல மாலை. அப்போ போய் எவனாவது 'ஐயோ, தூக்கத்துல எழுந்துட்டேன்'னு சொல்லுவானா?"

மந்திரியும் ஆனார். ஆனால் புது ஆட்சி என்பதால் எல்லோரும் ஆளுங்கட்சிக்கு உரிய வலது பக்கம் மாறி உட்கார, மறுபடியும் அதே ஓடாத ஃபேன். மறு வருஷமே பழையபடி எதிர்ப்பக்கம் போய்விட்டார், அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. "பாவம், மறுபடியும் தூக்கமா?" என்றேன். துண்டு மாமா சிரிக்கவில்லை. "ரெண்டாவது வாட்டி நல்லா முழிச்சுக்கிட்டுதான் போனாரு. என்ன தருவீங்கன்னு கேட்டுட்டுப் போனாரு" என்றார்.

பெரியப்பா, முதல் தடவையை நான் மன்னித்துவிடுவேன், வேர்க்குரு யாருக்கும் வரலாம். இரண்டாவதைக் குன்று என்று எழுத என் கை வரவில்லை. உள்ளதை உள்ளபடி போடுங்கள்; இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். சீட்டு போனால் போகட்டும், நாலு பேர் நம்மை நம்பிப் படிக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. கோபம் தணிந்ததும் ஆசி அனுப்பினால் போதும்.

பணிவுடன்,
தம்பி மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். உங்களுக்கு வயதாகிவிட்டதாம், படித்த பெண், நல்ல பரம்பரை என்று என்னை நிறுத்தப் போகிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் ஆரம்பித்தேன். ஆகவே மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு, நீங்கள் எழுதியதையே அப்படியே என் பெயரில் அச்சுக்குக் கொடுங்கள். அட்டையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் என் படம் வேண்டுமாம். உங்களுடையதை எடுத்தால் இடம் சரியாக இருக்கும்.