பிரஷர் அண்ணையின் இரண்டு எண்கள்

ஹம்பேர்க் நகரம் ஆற்றோடு மிதந்து போகாமல் இருப்பதற்கு ஒரே காரணம் பிரஷர் அண்ணைதான். இது என் கருத்தல்ல, அவருடையது.

எங்கள் பொறியியல் அலுவலகத்தில் நான் வரைபடம் போடுபவள். அவர் நிலத்தடி நீரை அளப்பவர். கடல் பெருகினால் எல்பே ஆறும் பெருகும். ஆறு பெருகினால் பழைய கட்டடங்களுக்கு அடியிலுள்ள நீரின் அழுத்தம் கூடி, நிலவறைத் தரையைக் கீழிருந்து தள்ளும். அதைப் பார்க்க, எங்கள் தெருக்கோடியிலிருந்த பழைய பண்டகசாலையின் நிலவறையில் ஒரு குழாய் இறக்கியிருந்தோம். அண்ணை அதன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். குழாயிலுள்ள கருவி தானாகவே எண்ணை அனுப்புமே என்றேன்.

"அனுப்பும்தான் தங்கச்சி. ஆனா அது கவலைப்படாது."

ஆறு ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் குழாயில் தெரியும். "மண்ணுக்குள்ளால வர வேணுமெல்லோ? இஞ்சத்தை அரசாங்கக் கந்தோர் மாதிரித்தான். முன்கூட்டியே நேரம் குறிச்சுத் தெர்மின் எடுக்காமல் உள்ளுக்கு விடாயினம்" என்பார்.

ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விழாவுக்கு அவர்தான் அறிவிப்பாளர். காலையில் தொலைபேசியில், "பிரஷர் கூடீட்டுது, வரேலாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாலையில் அவர் வீட்டு வாசலில் பள்ளிப் பெற்றோர் கொண்டுவந்த உப்பில்லாத கறிச்சட்டிகள் ஏழு நின்றன. குழாயடியிலிருந்து வந்தவர், "ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார். பிறகு உப்பைத் தூவி ஏழையும் சாப்பிட்டு முடித்தார். பெயர் அன்றைக்கு ஒட்டியது. அதன்பின் அவருக்குப் பிரஷர் என்றால் யாரும் அசைவதில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கு அழைத்தார்.

"தங்கச்சி, பிரஷர் கூடீட்டுது. ஒருக்கா வாறியளோ?"

"ஓம் அண்ணை, எழுதி வையுங்கோ" என்று வைத்துவிட்டேன். கண் தற்செயலாகச் சுவரிலிருந்த, ஆற்றின் வற்று, பெருக்கு நேர அட்டவணையில் விழுந்தது. ஆறு அடிமட்டத்துக்கு வற்றி இரண்டு மணித்தியாலம். அவர் கணக்குப்படி குழாயில் இப்போது அழுத்தம் ஆகக் குறைவாக இருக்க வேண்டும். அப்படியென்றால் கூடியது யாருக்கு? அம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

கதிரையில் சாய்ந்திருந்தார். நாக்குக் குழறியது. மடியில் கிடந்த கொப்பியில் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: "குழாய் குறைவு. எனக்குக் கூடுதல்."

நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். இரண்டு நாளில் அண்ணைக்குப் பேச்சுத் தெளிந்தது. பிரஷரை ஒழுங்காக அளப்பதுண்டா என்று மருத்துவர் கேட்டார்.

"மணிக்கொருக்கா" என்றார் அண்ணை பெருமையாக. நான்தான் இடையில் புகுந்து குழாய்க் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது மறுபடி வேலைக்கு வருகிறார். காலையில் என் தொலைபேசிக்கு இரண்டு எண்கள் அனுப்புவார். முதலாவது குழாயினுடையது, இரண்டாவது அவருடையது.

அலுவலகம் எனக்குச் சம்பளம் தருவது முதலாவதற்கு. நான் முதலில் பார்ப்பது இரண்டாவதை.